பல்லி பயமும் மூன்று அமர்வு உத்தரவாதமும்

கேள்வி: எனக்கு 31 வயது. சிறு வயதிலிருந்தே பல்லி என்றால் நடுக்கம். இரவில் கணவர் சமையலறைக்குள் போய், விளக்கைப் போட்டு, சுவரெல்லாம் பார்த்து "இல்லை, வா" என்று சொன்ன பிறகுதான் நுழைவேன். ஜன்னல் ஓரங்களில் முட்டை ஓடு வைத்திருக்கிறேன். மூன்றே அமர்வுகளில் ஹிப்னாடிசம் மூலம் பயத்தை அடியோடு நீக்குவதாக ஒரு மையத்தில் 24,000 ரூபாய் கேட்கிறார்கள். ஊசியைக் கண்டாலே மயங்கி விழும் என் தம்பியையும் சேர்த்தால் சலுகை உண்டாம். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். உங்கள் பயம் உண்மையானது, குணமாகக்கூடியதும்கூட. ஆனால் நீங்கள் கண்ணை மூடிப் படுத்திருக்க, இன்னொருவர் அதை எடுத்துவிட முடியாது.

கணவர் "இல்லை, வா" என்று சொல்லும் அந்த நொடியில் உங்களுக்குள் ஒரு நிம்மதி பரவுகிறது அல்லவா, பயத்துக்குத் தீனி அதுதான். விலகியதால்தான் தப்பித்தோம் என்று மனம் ஒவ்வொரு இரவும் பாடம் படிக்கிறது. வீட்டுப் பல்லிக்கு விஷம் இல்லை என்று நான் நூறு முறை எழுதினாலும் அந்தப் பாடம் அழியாது. பல்லி இருக்கும் இடத்தில் நீங்கள் நின்று, எதுவும் நேரவில்லை என்பதை உங்கள் உடம்பே உணர வேண்டும். 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலுக்குப் பயந்த ஒரு சிறுவன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிடும்போதெல்லாம் முயல் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்து, கடைசியில் அவன் அதைத் தடவிக்கொடுக்கும் அளவுக்குக் கொண்டுவந்தார். இன்றும் சிகிச்சையின் அடிப்படை அதுவே.

உங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு படிகள் போதும்: பல்லியின் கோட்டோவியம், புகைப்படம், காணொளி, அறையின் மறுகோடியில் மூடிய கண்ணாடி ஜாடிக்குள் ஒரு பல்லி, அதே ஜாடி மேசை மேல், கடைசியாக ட்யூப் லைட்டின் பின்னால் பல்லி ஒட்டியிருக்கும் சமையலறையில் நீங்கள் தனியாகத் தோசை வார்ப்பது. ஒவ்வொரு படியிலும் பயத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, அது ஏறக்குறைய பாதியாகக் குறையும் வரை அங்கேயே நிற்க வேண்டும். உச்சத்தில் இருக்கும்போது ஓடிவந்தால் பயம்தான் ஜெயிக்கும். முட்டை ஓடுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். விளையாட்டுக்கு ரப்பர் பல்லியை யாரும் மேலே எறியக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் ஒரு படிகூட நகரக் கூடாது.

சில அமர்வுகளில் குணமாகும் என்பது பொய்யில்லை. ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட், அதிகபட்சம் மூன்று மணி நேரம் நீளும் ஒரே அமர்வில் இத்தகைய பயங்களுக்குச் சிகிச்சை அளித்ததை 1989-இல் வெளியிட்டார். பல்லியே இல்லாத அறையில் அதைச் செய்வதாகச் சொல்வதுதான் பொய். வார இறுதி வகுப்பில் வாங்கிய சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியவர்களும், ஆள் அனுப்பினால் கமிஷன் பெறுபவர்களும் இந்தத் துறையில் பெருகிவிட்டார்கள். அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் உங்கள் பதிவு எண் என்ன? எத்தனையாவது அமர்வில் நான் பல்லியை நேரில் பார்ப்பேன்? மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். சில மருந்துக் கடைகளில் விதியை மீறிச் சீட்டு இல்லாமலே கொடுத்துவிடும் அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையும் வேண்டாம். அதைப் போட்டுக்கொண்டு பயத்தை எதிர்கொண்டால் தைரியத்துக்கான பெருமை மாத்திரைக்குப் போய்விடும்; பழக்கமாகியும் விடும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு நோயாளியுடன் ஒரு மணி நேரம் உட்கார வேண்டிய சிகிச்சைக்கு ஐந்து நிமிடமும் ஒரு மாத்திரைப் பட்டையும் கிடைப்பதைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். மனநோய்க்கும் உடல்நோய்க்கு நிகரான காப்பீடு தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. இருந்தும் படுக்கையில் சேராத நோயாளியின் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பெரும்பாலான பாலிசிகள் பணம் தருவதில்லை. இந்த இடைவெளியில்தான் 24,000 ரூபாய்க் கடைகள் முளைக்கின்றன. இது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, அழைத்தால் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். அருகில் எங்கே போவது என்றும் கேளுங்கள்.

தம்பியை இதே கணக்கில் சேர்க்கவே கூடாது. மற்ற பயங்களில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுவதால் மயக்கம் வருவது அரிது. ரத்தம், ஊசி, காயம் பற்றிய பயத்தில் மட்டும் அழுத்தம் முதலில் ஏறி, பிறகு சடாரென விழுகிறது. மூளைக்கு ரத்தம் குறைந்து ஆள் சரிகிறார். அவரிடம் போய் "உடம்பைத் தளர விடு" என்று சொல்வது மயக்கத்தைச் சீக்கிரமாக்கும். அவர் செய்ய வேண்டியது நேர் எதிரானது: கை, கால், வயிற்றுத் தசைகளை முகம் சூடேறும் வரை பத்துப் பதினைந்து நொடி இறுக்க வேண்டும், இருபது முப்பது நொடி இயல்புக்கு விட வேண்டும், முழுவதும் தளரக் கூடாது, இப்படி ஐந்து முறை. வீட்டில் தினமும் பழகிய பிறகே ஊசியின் படத்திலிருந்து படியேறத் தொடங்க வேண்டும். மயக்கத்துக்கு வேறு காரணம் இல்லை என்று மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடுவதும் அவசியம். அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது, தனக்கு மயக்கம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிப் படுத்துக்கொள்ளட்டும். ஊசி ஏறும் கையை மட்டும் தளர விட்டு, மற்றக் கையையும் கால்களையும் இறுக்கிக்கொள்ளட்டும்.