சேஞ்சப் வீசும்போது கை தளர்வது குறித்து

வணக்கம். பதின்மூன்று வயதான தங்கள் மகள் சாஃப்ட்பாலில் சேஞ்சப் (வேகப்பந்து போலவே வீசி, மெதுவாக வரவிடும் பந்து) வீசும்போது கையின் சுழற்சி தளர்ந்துவிடுவதாகவும், பந்து மேலெழும்பிப் போவதால் எதிரணியினர் காத்திருந்து அடிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

வேகத்தைக் குறைக்க வேண்டியவை விரல்களும் மணிக்கட்டுமே. தோளும் காலடியும் அல்ல. வேகப்பந்துக்கு எடுத்து வைக்கும் அதே நீள அடியுடன், அதே விசையில் கையைச் சுழற்றி, பந்தை விரல் நுனியில் பிடிக்காமல் உள்ளங்கையில் ஆழமாக வைத்து, மணிக்கட்டைச் சொடுக்காமல் விட்டால், பந்து தானாகவே தாமதித்து வரும். கிரிக்கெட்டில் புறங்கையைக் காட்டி வீசும் மெதுவான பந்தை நம்மூரில் பார்க்காதவர் இல்லை. சாஃப்ட்பாலிலும் அவ்வகை உண்டு, கை தளராமல் வீச அது நன்கு உதவும். 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்தைச் சிறிய கையால் வட்டப் பிடியில் (கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வட்டமாகச் சேரும் பிடி) பிடிப்பது கடினம் என்பதால், அதை இப்போது தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

பந்து மேலெழும்புவதற்குப் பெரும்பாலும் இடுப்பைத் தாண்டிய பிறகு தாமதமாக விடுவதே காரணம். வீசி முடித்த கை தோளுக்கு உயராமல், பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சரின் முழங்காலை நோக்கித் தாழ்வாகச் செல்லட்டும். முதலில் 20 அடியிலிருந்து வலையில் வீசிப் பழகிவிட்டு, பிறகு முழுத் தூரமான 43 அடிக்குச் செல்லலாம்.

பேட்டர் நிற்குமிடத்திலிருந்து இரு வகைப் பந்துகளையும் கைபேசியில் படமெடுங்கள். பந்து கையைவிட்டு நீங்கும் முன்பே வேறுபாடு தெரிந்தால் பிடியை மாற்றிப் பயனில்லை, சுழற்சியைத்தான் திருத்த வேண்டும். சென்னை வெயிலில் உள்ளங்கை வியர்த்து இந்தப் பிடி எளிதில் வழுக்கும். இடுப்பில் ஒரு துண்டு இருக்கட்டும்.