ஏப்ரலில் கனடாவின் கிழக்குக் கடற்கரைக்கு வந்தால் பனி முடிந்திருக்குமா?

நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸில் வேலை கிடைத்திருக்கிறது, ஏப்ரல் 6 சேர வேண்டும், அதற்குள் பனி முடிந்திருக்கும்தானே, கடல் பக்கம் என்பதால் குளிரும் குறைவு என்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிந்திருக்காது. ஏழு வருடமாக இந்த ஊரில் இருப்பவன் சொல்கிறேன். இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக எனக்கு மனசு வரவில்லை. இதே நினைப்பில் இருந்துதான் என் அக்கா மகளின் காதுகுத்துக்குப் போக முடியாமல் போனது.

முதலில் உங்கள் கேள்விக்கே வருகிறேன். குளிர் குறைவு என்பது உண்மைதான். கடலை விட்டுத் தள்ளி உள்நாட்டில் இருக்கும் வின்னிபெக் மாதிரி மைனஸ் முப்பதெல்லாம் இங்கே கிடையாது. ஆனால் பனி குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வருடத்துக்குச் சராசரியாக 3 மீட்டருக்கு மேல் கொட்டுகிற ஊர் இது. 2000-01 குளிர்காலத்தில் மொத்தம் 6 மீட்டரைத் தாண்டியது. 2020 ஜனவரி 17-ல் ஒரே நாளில் 76.2 சென்டிமீட்டர் கொட்டி, எட்டு நாள் ஊரையே அடைத்து, ராணுவத்தை வரவழைத்த புயலைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அது முறியடித்த பழைய சாதனை எந்த மாதத்தில் வந்தது என்று பாருங்கள்: 1999 ஏப்ரல் 5, 68.4 சென்டிமீட்டர். நீங்கள் வேலையில் சேரப்போகும் தேதிக்கு முந்தின நாள்.

ஏன் இப்படி என்றால், நம் வங்கக்கடல் புயலுக்குச் சூடான கடல்தான் பலம். இங்கே புயல் பலம் பிடிப்பது சூடும் குளிரும் மோதுகிற இடத்தில். தெற்கிலிருந்து கல்ஃப் ஸ்ட்ரீம் வெந்நீரோட்டம், வடக்கிலிருந்து லாப்ரடார் குளிர்நீரோட்டம், மேற்கே கண்டத்திலிருந்து வரும் உறைந்த காற்று, மூன்றும் இந்தத் தீவைச் சுற்றித்தான் சந்திக்கின்றன. மார்ச், ஏப்ரலில் வெயில் வந்து தரை சூடேறினாலும் கடல் சூடேறாது. சொல்லப்போனால் கடல் மிகவும் குளிர்ந்திருப்பதே அப்போதுதான். வடகிழக்குக் காற்று அந்தத் தண்ணீர் மேல் வந்தால் மழையாக விழ வேண்டியதெல்லாம் பனியாக விழும். அதுவும் பஞ்சு மாதிரிப் பனி இல்லை, ஈரப்பனி. பனி வாருகிற ஷவல் நிறைய அள்ளினால் சாந்துச் சட்டி தூக்குகிற கனம் இருக்கும்.

மேற்கே இருக்கும் வான்கூவரும் கடற்கரைதானே, அங்கே இப்படி இல்லையே என்று யாராவது கேட்பார்கள். அங்கே காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வருகிறது. இங்கே பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. இரண்டும் ஒன்றல்ல. டொராண்டோ அண்ணன்மார்கள் 'நாங்கள் பார்க்காத ஸ்னோவா' என்று கோபிக்க வேண்டாம், நான் யாரையும் குறைத்துச் சொல்லவில்லை.

இனி என் கதை. தேனிப் பக்கம் எங்கள் குலதெய்வம் கோயிலில் அக்கா மகளுக்கு முடியெடுத்துக் காதுகுத்து. நான் ஒரே தாய்மாமன். என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். திங்கட்கிழமை காலை ராகுகாலம் கழித்து ஒன்பதரைக்கு மேல் நேரம் குறித்திருந்தார்கள். ஏப்ரல் முதல் வாரம். வெள்ளிக்கிழமை மாலை விமானம். அரைப் பவுனில் கம்மல் வாங்கிக் கைப்பையில் வைத்தாகிவிட்டது.

அந்தப் புதன்கிழமை 8 டிகிரி. வாசலில் புல் தெரிந்தது. பனிக்கால பூட்ஸைக் கழுவி அடித்தளத்தில் கொண்டுபோய் வைத்தேன். பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "இன்னும் வைக்காதே மை லவ், ஷீலா இன்னும் பெருக்கவில்லை" என்றார். இந்த ஊரில் முன்பின் தெரியாதவரையும் மை லவ் என்றுதான் கூப்பிடுவார்கள். மார்ச் 17 அயர்லாந்துப் புனிதர் செயின்ட் பாட்ரிக்கின் திருநாள், அது முடிந்தபின் அந்தப் புனிதரின் மனைவி ஷீலா துடைப்பத்தை எடுத்துப் பெருக்குவாளாம், அப்போது வருகிற கடைசிப் பெரும் புயலுக்கு 'ஷீலாவின் துடைப்பம்' என்று பெயர். சிலர் மனைவி இல்லை, தங்கை என்பார்கள். அது வந்து போனால்தான் குளிர்காலம் முடிந்ததாகக் கணக்கு. நான் பாட்டிக் கதை என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழன் இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தது. முதலில் மழை, பிறகு ஆலங்கட்டி மாதிரி சடசடவென்று ஜன்னலில் அடித்தது, நள்ளிரவுக்கு மேல் சத்தமே இல்லை. சத்தம் நின்றால் பனியாக மாறிவிட்டது என்று அர்த்தம். காலையில் வாசல் கதவைத் தள்ளினேன், அசையவில்லை. வெளிப்பக்கம் திறக்கிற கதவு, இடுப்பளவுக்குப் பனி வந்து சாத்தியிருந்தது. சமையலறை ஜன்னல் வழியே இறங்கிப்போய், கையாலேயே பறித்து, முதலில் ஹீட்டரின் புகைக்குழாயைத் திறந்துவிட்டேன். அது அடைபட்டால் கார்பன் மோனாக்ஸைடு வீட்டுக்குள்ளேயே தங்கும், தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். பனியில் புதைந்த காருக்குள் எஞ்சினைப் போட்டுக்கொண்டு உட்காருவதும் அப்படித்தான்.

நான்கு மணி நேரம் வாரினேன். தெரு வரைக்கும் வழி எடுத்து நிமிர்ந்தபோது பனி தள்ளும் வண்டி வந்து, தெருவில் இருந்ததையெல்லாம் என் வாசல் முனையில் மார்பு உயரத்துக்குக் குவித்துவிட்டுப் போனது. உட்கார்ந்து அழுதேன். ஆம்பளை அழுதான் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

விமான நிலையம் மூடல். அடுத்த இடம் செவ்வாய்க்கிழமைதான் என்றார்கள். வானிலை காரணம் என்றால் இழப்பீடு கிடையாது, அது தெரிந்ததுதான். ஆனால் டொராண்டோவிலிருந்து போகும் டிக்கெட்டைத் தனியாக எடுத்திருந்தேன். நேரத்துக்குப் போய்ச் சேராததால் அந்தப் பணம் முழுக்கப் போனது.

அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஏண்டா தம்பி, கடலோரத்து ஊருல பங்குனி மாசம் பனியா? வர இஷ்டமில்லன்னா நேரா சொல்லிரு"ன்னு வைத்துவிட்டாள். போட்டோ அனுப்பினேன். மச்சான் அதைப் பார்த்துவிட்டு, இது ஜனவரியில் எடுத்ததுதானே என்று குழுவில் எல்லோரும் பார்க்க எழுதினார்.

ஞாயிறு நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு, அங்கே திங்கள் காலை ஒன்பதரை, வீடியோ காலில் பார்த்தேன். பெரியம்மா மகன் மடியில் பிள்ளை. சந்தனம் பூசிய மொட்டைத் தலை. ஆசாரி ஊசியைக் கொண்டுபோனதும் வீறிட்டு அழுதது. என் கைப்பையில் இருந்த கம்மல் டப்பாவை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தேன். வெளியே தெருவிளக்கு வெளிச்சத்தில் பனி மறுபடி விழுந்துகொண்டிருந்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சீருக்கு நான் முன்கூட்டியே அம்மா கையில் பணம் கொடுத்திருந்தேன். பட்டுப்பாவாடை, மாலை, பித்தளைப் பாத்திரம், தட்டு இருபத்தொன்று, எல்லாம் என் பணம். மைக்கில் 'தாய்மாமன் சீர்' என்று வாசித்தபோது பெரியம்மா மகன் பெயரை வாசித்தார்கள். மொய் நோட்டிலும் அவன் பெயர்தான். திருத்தச் சொல்லிக் கேட்டதற்கு, 'வராதவன் பேர எப்படிப்பா எழுதுறது' என்று பதில். பணத்தை யாரும் திருப்பித் தர வேண்டாம். அந்தப் பக்கத்தில் என் பெயர் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வெளிநாட்டில் இருப்பவன் எல்லாம் வேண்டுமென்றே வராதவன் என்று எண்ணுகிறவர்களுக்கு நான் என்ன சொன்னாலும் ஏறாது.

சரி, உங்களுக்கு. ஏப்ரல் 6 சேர வேண்டுமென்றால் 1-ம் தேதிக்குள் இங்கே இறங்கிவிடுங்கள். இந்தியாவிலிருந்து செயின்ட் ஜான்ஸ் வரை ஒரே டிக்கெட்டாக எடுங்கள், அப்போதுதான் இடையில் நின்றாலும் அடுத்த விமானம் தருவது அவர்கள் பொறுப்பு. கணுக்காலுக்கு மேல் வருகிற, தண்ணீர் புகாத பூட்ஸைப் போட்டுக்கொண்டே வாருங்கள், பெட்டிக்குள் வைக்காதீர்கள். வாடகை ஒப்பந்தத்தில் பனி வாருவது யார் பொறுப்பு என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நாற்பது வயதுக்கு மேல் என்றால் ஈரப்பனியை மூச்சுப்பிடித்துத் தூக்காமல் தள்ளிக்கொண்டே போங்கள், மாரடைப்பு வந்தவர்கள் உண்டு. வந்து இறங்கியதும் இங்கேயே ஒரு வரி எழுதுங்கள். என்னிடம் ஒரு ஷவல் கூடுதலாக இருக்கிறது, கொண்டுவந்து தருகிறேன்.