வாசகர் கேள்வி – பதில்: தரையிறங்கு கலம் கடலுக்குத் திரும்புவது எப்படி?

கேள்வி: 1991 யூலையில் வெற்றிலைக்கேணிக் கரையில் இராணுவத்தினர் கடல்வழியாக வந்திறங்கியதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மணலில் ஏறி நிற்கும் தரையிறங்கு கலம் மீண்டும் கடலுக்குத் திரும்புவது எப்படி?
– வாசகர், அளம்பில், முல்லைத்தீவு

பதில்: தரையிறங்கு கலம் என்றதும் அணியத்தில் (முன்முனையில்) விழும் சாய்கதவுதான் பலருக்கும் நினைவுக்கு வரும், தாங்கள் கேட்டிருப்பதோ அதைவிடக் கடினமான சிக்கல், அதற்கான விடை கலத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் 20,000க்கும் மேல் கட்டப்பட்ட ஹிக்கின்ஸ் படகையே எடுத்துக்கொள்வோம். நியூ ஓர்லியன்ஸ் நகரின் அன்ட்ரூ ஹிக்கின்ஸ், லூசியானாச் சதுப்புநிலங்களில் எண்ணெய் தேடுவோருக்காகக் கட்டிவந்த ஆழங்குறைந்த படகிலிருந்து உருவானது அது. சாய்கதவு பின்னர் சேர்ந்ததே. 1937இல் ஷங்காயில் ஜப்பானியரின் கதவு வைத்த படகுகளை விக்டர் குருலாக் என்னும் அமெரிக்க அதிகாரி படம்பிடித்து அனுப்பியும், அந்த அறிக்கையை மேலிடம் பொருட்படுத்தவில்லை.

நமது கரையில் படகு மணலை நெருங்கும்போது வெளியிணைப்பு இயந்திரத்தைத் தூக்கிவிடுகிறார்கள். ஹிக்கின்ஸ் படகின் இயந்திரம் உள்ளே பொருத்தப்பட்டிருந்ததால் அதற்கு வழியில்லை. ஆகவே படகின் அடியில் ஒரு குடைவு அமைத்து, உந்துவிசிறியை அதற்குள் ஒடுக்கி வைத்தார்கள். ஏற்றிவந்த 36 வீரர்களும் இறங்கியதும் எடை குறைந்து ஒட்டுப்பலகைப் படகு எழும்ப, மணலில் அடிபடாத விசிறி எதிர்த்திசையில் சுழன்று அதைப் பின்னுக்கு இழுத்துவிடும். தாங்கிகளை ஏற்றிவரும் பெரிய கலங்களுக்கு இது போதாது. அவை கரையை அணுகும்போதே பின்புற நங்கூரத்தை ஆழத்தில் போட்டுவிட்டு, திரும்பும்போது அதன் கம்பிவடத்தைச் சுருட்டித் தம்மைத் தாமே இழுத்துக்கொள்ளும்.

ஆனால் கரையை அடைவதற்கே நீர் வேண்டுமே! 1943 நவம்பர் 20இல் பசிபிக்கின் தராவாத் தீவில் அமெரிக்கப் படையினர் தரையிறங்கியபோது வற்றுப்பெருக்கு எதிர்பார்த்த அளவு உயரவில்லை. ஏறத்தாழ நான்கு அடி நீர் தேவைப்பட்ட ஹிக்கின்ஸ் படகுகள் பவளப்பார் விளிம்பிலேயே தடைப்பட, அவற்றில் வந்தவர்கள் குண்டுமழையில் பல நூறு மீற்றர் தூரம் நீரில் நடந்தே கரையேற வேண்டியதாயிற்று. சங்கிலிப்பட்டையில் ஊர்ந்த நீர்நில ஊர்திகள் மட்டுமே பாரைக் கடந்தன. என் எண்ணத்தில் அங்கே தவறிப்போனது படகின் வடிவமைப்பு அன்று, நீரின் ஆழத்தைப் பற்றிய கணிப்பு. அதன்பிறகே அமெரிக்கக் கடற்படை, தரையிறக்கத்துக்கு முன்னர் கரையோர ஆழத்தை அளந்து தடைகளை அகற்றுவதற்கென நீச்சல் வீரர் அணிகளைத் தனியாக உருவாக்கியது.