கம்யூனிட்டி காலேஜில் முதல் செமஸ்டர்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களைப் (இரண்டு வருடப் படிப்பு தரும் அரசுக் கல்லூரிகள்) பற்றியவை. அதனால் நான்கை எடுத்து மொத்தமாகப் பதில் எழுதுகிறேன். மற்ற மாநிலங்களில் கட்டணமும் விதிகளும் வேறு, அங்கே இருப்பவர்கள் அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

கேள்வி: என் மகன் பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கியவன். இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டு யூசிக்கு (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) மாறலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். கவுன்சிலர் முதல் செமஸ்டரிலேயே 'காலேஜ் சக்சஸ்' என்று ஒரு 3 யூனிட் வகுப்பை எடுக்கச் சொல்கிறார். படிக்கத் தெரிந்த பையனுக்கு எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர ஒரு வகுப்பா? பணம் வீண்தானே? (சான் ஹோசேயிலிருந்து ஓர் அம்மா)

பதில்: பணத்தை முதலில் பார்த்துவிடுவோம். மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு ஒரு யூனிட் 46 டாலர், ஆக 3 யூனிட்டுக்கு 138 டாலர். ஒரே ஒரு வகுப்பில் தோற்றுவிட்டு அதை மறுபடி எடுத்தாலே அந்தப் பணம் போய்விடும், கூடவே ஒரு செமஸ்டரும் போகும்.

நன்றாகப் படித்த பிள்ளைகளும் முதல் செமஸ்டரில் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் நேரம்தான் காரணம். ஒரு யூனிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வகுப்பு, அதற்கு இரண்டு மணி நேரம் வெளியே படிப்பு என்று வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். 12 யூனிட் எடுத்தால் வாரத்துக்கு 36 மணி நேரம் ஆகிறது, கிட்டத்தட்ட ஒரு முழுநேர வேலை, ஆனால் கால அட்டவணையில் தெரிவது 12 மணி நேரம் மட்டும்தான், மீதி எல்லாம் காலியாகக் கிடப்பதுபோல் இருக்கும், பையன் அதில் ஒரு பகுதிநேர வேலையைப் பிடித்துக்கொள்வான், அக்டோபரில் எல்லா மிட்டெர்மும் (இடைப்பருவத் தேர்வு) ஒரே வாரத்தில் வந்து நிற்கும். பள்ளியில் ஆசிரியர் தினமும் நினைவுபடுத்துவார். இங்கே முதல் நாள் கொடுக்கும் சிலபஸில் எல்லாத் தேதியும் இருக்கும், அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்த வகுப்பில் சிலபஸை எப்படிப் படிப்பது, வாரத்தை எப்படிப் பிரிப்பது, குறிப்பு எப்படி எடுப்பது, ஆசிரியரின் ஆஃபிஸ் ஹவரில் (மாணவர்களைச் சந்திக்க அவர் ஒதுக்கும் நேரம்) போய் எப்படிக் கேள்வி கேட்பது என்பதெல்லாம் வரும். கடைசியாகச் சொன்னது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மிகவும் தேவை. 'சாருக்கு ஏன் தொந்தரவு' என்று மரியாதையில் ஒதுங்கியே இருந்துவிடுகிறார்கள், அது ஆசிரியருக்கு அக்கறையின்மையாகத் தெரிகிறது! இரண்டு வருடப் பாடத் திட்டத்தையும் பல காலேஜ்களில் அந்த வகுப்பிலேயே போட வைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. 2017-இல் வந்த ஏபி 705 சட்டத்துக்குப் பிறகு, ஒரு தேர்வை வைத்துப் பிள்ளைகளை அடிப்படை ஆங்கிலம், அடிப்படைக் கணக்கு என்று வருடக்கணக்கில் உட்காரவைப்பது பெரும்பாலும் நின்றுவிட்டது. பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்து நேராக டிரான்ஸ்ஃபர் ஆகும் (பல்கலைக்கழகம் ஏற்கும்) வகுப்பில் சேர்க்கிறார்கள். நல்ல மாற்றம்தான், ஆனால் பழகிக்கொள்ள அவகாசம் குறைவு.

சரி, ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். முன்பு இந்த வகுப்பு சிஎஸ்யூ (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) பொதுப்பாடப் பட்டியலில் 'வாழ்நாள் கற்றல்' பிரிவை நிரப்பியது. 2025 இலையுதிர் பருவத்திலிருந்து வந்திருக்கும், யூசி, சிஎஸ்யூ இரண்டுக்கும் பொதுவான கால்-கெட்சி பட்டியலில் அந்தப் பிரிவே இல்லை. அதனால் எடுக்கும் முன், எந்த வகுப்பு எங்கே ஏற்கப்படும் என்று காட்டும் அசிஸ்ட் டாட் ஆர்க் தளத்தில் யூசிக்கு யூனிட்டாகவாவது கணக்கில் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால், உங்கள் காலேஜில் ஒரு யூனிட் வடிவம் இருந்தால் அதை எடுக்கட்டும். ஒரேயடியாக வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கேள்வி: எனக்கு ஒரு சயின்ஸ் வகுப்பும் லேபும் வேண்டும். ஜியாக்ரஃபி, ஜியாலஜி இரண்டில் எது சுலபம்? கணக்கு என்றால் எனக்குப் பயம். (ஃப்ரீமான்ட்டிலிருந்து ஒரு மாணவர்)

பதில்: தம்பி, சுலபம் எது என்பதைவிட உனக்கு எந்தக் கேள்வி பிடிக்கிறது என்று பார். கோடையில் உள்நாடு கொதிக்கும்போது சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏன் மூடுபனி? சியரா மலைத்தொடரின் மேற்குச் சரிவில் காடு இருக்க, அதைத் தாண்டினால் ஏன் வறண்ட நிலம்? இந்த மாதிரிக் கேள்விகள் பிடித்தால் ஃபிசிக்கல் ஜியாக்ரஃபி. குளிர்ந்த கடல் நீரோட்டம், மழை மறைவு (மலை மழையைத் தடுப்பது), காற்று என்று இன்று நடப்பதைப் படிப்பாய். ஒன்றைக் கவனி: கல்ச்சுரல் ஜியாக்ரஃபி அல்லது ஹியூமன் ஜியாக்ரஃபி என்று இருப்பது சமூக அறிவியல் பிரிவில் போகும், சயின்ஸாகக் கணக்கில் வராது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் மாற்றி எடுத்துவிட்டு வருந்துபவர்கள் உண்டு. ஃபிசிக்கல் ஜியாக்ரஃபியிலும் லேப் பல இடங்களில் தனி ஒரு யூனிட்டாக இருக்கும், அதையும் சேர்த்துப் பதிவு செய்ய மறக்காதே.

ஜியாலஜி பக்கம் எனக்குச் சாய்வு உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. அந்த லேபில் கையில் கல்லைக் கொடுத்துவிட்டு இது என்ன என்று கேட்பார்கள். நகத்தால் கீறிப் பார்ப்பாய், கண்ணாடியில் தேய்த்துப் பார்ப்பாய், கடினத்தைக் காட்டும் மோஸ் அளவுகோலில் டால்க் 1, குவார்ட்ஸ் 7, வைரம் 10. மெருகிடாத பீங்கான் தட்டில் உரசினால் வெள்ளிபோல் மின்னிய ஹெமடைட் செம்பழுப்புக் கோடு போடும், தங்கம்போல் மின்னிய பைரைட் கறுப்புக் கோடு போடும். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் கால்சைட் பொங்கும். மேல்பார்வைக்குத் தெரியும் நிறத்தை நம்பக் கூடாது என்பதைக் கை பழகிக்கொள்ளும்.

கணக்குப் பயத்துக்கு ஓர் உதாரணம். பின்னக்கிள்ஸ் தேசியப் பூங்காவின் எரிமலைப் பாறைகள் சுமார் 2 கோடியே 30 லட்சம் வருடங்களுக்கு முன் தெற்கே லங்காஸ்டர் பக்கத்தில் உருவானவை. அவற்றின் மறுபாதி இன்னும் அங்கேயே இருக்கிறது. சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு இந்தப் பாதியைச் சுமார் 195 மைல் வடமேற்கே இழுத்து வந்துவிட்டது. தூரத்தைச் சென்டிமீட்டராக்கி வருடத்தால் வகுத்துப் பார், வருடத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். முதல் நிலை வகுப்பில் வரும் கணக்கு பெரும்பாலும் இந்த அளவுதான். ஆனால் அதையே மேஜராக (முதன்மைப் பாடமாக) எடுத்தால் கால்குலஸும் கெமிஸ்ட்ரியும் வந்துவிடும், அதைத் தெரிந்தே இறங்கு.

அப்புறம், நீ இருக்கும் ஊருக்கு அடியிலேயே ஹேவர்ட் பிளவு ஓடுகிறது. வருடத்துக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் சத்தமில்லாமல் நகர்கிறது. ஹேவர்ட் நகரில் அதன்மேல் கட்டிய பழைய நகர மன்றக் கட்டடம் விரிசல் விட்டு, கைவிடப்பட்டுவிட்டது. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து முடிவெடு.

கேள்வி: எனக்கு 38 வயது, எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) இருக்கிறேன். வரைபட வேலை, ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத் தகவல்களைக் கையாளும் முறை) கற்றுக்கொள்ள ஆசை. சேரலாமா?

பதில்: தாராளமாகச் சேரலாம். எச்-4 விசாவில் படிக்கத் தனி அனுமதி தேவையில்லை, எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறவும் வேண்டாம். கலிஃபோர்னியாவில் ஒரு வருடமும் ஒரு நாளும் வசித்ததற்கு ஆதாரம் காட்டினால் பொதுவாக உள்மாநிலக் கட்டணம் கிடைக்கும். வாடகை ஒப்பந்தம், வரித்தாள், ஓட்டுநர் உரிமம் எல்லாம் எடுத்து வையுங்கள். மத்திய அரசின் கல்வி உதவித்தொகை இந்த விசாவுக்குக் கிடையாது. வேலைக்குப் போக அனுமதி தனி விஷயம், படிப்பு முடித்ததால் அது தானாக வந்துவிடாது. ஜிஐஎஸ் சான்றிதழ் பல காலேஜ்களில் ஜியாக்ரஃபி துறைக்குள்தான் இருக்கும், அங்கே தேடுங்கள். வயதை நினைத்துத் தயங்க வேண்டாம், பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலை வகுப்புக்கு வருபவர்களுக்காகவும் நடக்கும் காலேஜ்கள் இவை.

கேள்வி: மகள் மதிப்பெண்ணைக் கேட்டுக் காலேஜுக்கு ஃபோன் செய்தேன். சொல்ல முடியாது என்கிறார்கள். கட்டணம் கட்டுவது நான்தானே?

பதில்: மாணவர்களின் கல்விப் பதிவுகளைக் காக்கும் 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி, மகள் காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பதிவுகளின் உரிமை அவளுடையது, 18 வயது ஆகாவிட்டாலும் அப்படித்தான். உங்கள் வரிக்கணக்கில் அவள் சார்ந்திருப்பவளாக இருந்தால் காலேஜ் சொல்லலாம், ஆனால் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவள் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் சொல்வார்கள். காலேஜுக்கு ஃபோன் செய்வதை விட்டு அவளிடமே கேளுங்கள், அதுவும் செமஸ்டர் முடிந்த பிறகு வேண்டாம், 'டபிள்யூ' (வகுப்பிலிருந்து விலகியதைக் காட்டும் குறி) வாங்கிக்கொண்டு விலகும் கடைசி நாளுக்கு முன்பே கேளுங்கள். அந்தத் தேதி காலேஜ் நாள்காட்டியில் இருக்கும், அதைப் பார்க்க யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை.