பாலிமர் கலந்தும் மூன்றாம் நாளே பழைய அழுத்தம்

அம்பத்தூர் பட்டறையின் குளிர்நீர்ச் சுற்றில் குழாயில் நீரின் உராய்வு இழுவையைக் குறைக்க, பாலிஎத்திலீன் ஆக்சைடு என்ற நீண்ட சங்கிலிப் பாலிமரைக் கலந்தீர்கள். முதல் நாள் குறைந்த அழுத்த இழப்பு மூன்றாம் நாளே ஏறிவிட்டது என்கிறீர்கள். பாலிமருக்கு எமன் உங்கள் பம்ப்தான். ஒவ்வொரு சுற்றிலும் அது நீண்ட சங்கிலிகளை நறுக்குகிறது. அறுந்தது மறுபடி ஒட்டாது. சிறிதளவு பாலிமரே கொந்தளித்து ஓடும் திரவத்தின் இழுவையைக் குறைக்கும் என்று 1948இல் ஆய்வாளர் டாம்ஸ் சொன்ன விளைவுக்கு அந்த நீளம்தான் மூலதனம்.

இழுவையைக் குறைக்கும் இன்னொரு பொருளான சர்ஃபாக்டன்ட் (சோப்பு போன்றது) வேறு ஜாதி. அதன் புழு வடிவ மைசெல்கள் (மூலக்கூறுக் கொத்துகள்) பம்பில் சிதைந்தாலும் குழாயில் மீண்டும் கூடிவிடும். சோடியம் லாரில் சல்பேட் என்ற சர்ஃபாக்டன்டை உங்கள் பாலிமரோடு சேர்த்தால், அது பாலிஎத்திலீன் ஆக்சைடு சங்கிலியில் மணிமணியாக ஒட்டி அதை விரித்தும் வைக்கும். ஆனால் அறுபடுவதை நிறுத்தாது. பாலிமரை அவ்வப்போது சேர்க்கத்தான் வேண்டும்.

இரண்டையும் சேர்ப்பதானால், முதலில் உங்கள் போர்வெல் தண்ணீரிலேயே அவற்றை ஒரு கண்ணாடிப் புட்டியில் கலந்து ஓர் இரவு வையுங்கள். நம் ஊர்க் கடினநீரில் வெள்ளையாகத் திரிந்தால், அந்தக் கலவை வேண்டாம். இழுவை குறைந்தால் வெப்பப் பரிமாற்றமும் குறையும்; திரும்பும் நீரின் வெப்பநிலையையும் குறித்துவையுங்கள்.