வாசகர் கேள்வி – பதில்: இணைய ஏலத்தில் பழைய ராணுவ ரைஃபிள்கள்

கேள்வி: இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் லீ என்ஃபீல்டு நம்பர் 4 'டி' (T) ரைஃபிள் ஒன்று, குறிபார்க்கும் தொலைநோக்கியுடன் இணைய ஏலத்துக்கு வந்திருக்கிறது. எல்லாப் பாகங்களும் அசல், எண்களும் பொருந்துகின்றன என்று விற்பவர் எழுதியிருக்கிறார். படங்களை மட்டும் பார்த்து நம்பலாமா?

பதில்: விற்பவர் எந்த இடங்களைப் படமெடுக்காமல் விட்டிருக்கிறார் என்பதை முதலில் கவனியுங்கள். 'டி' வகை என்பது, சுடுதிறன் சோதனையில் நன்றாகத் தேறிய சாதாரண நம்பர் 4 ரைஃபிளைத் தனியே எடுத்துத் தொலைநோக்கி பொருத்திய ஒன்று. அந்த வேலையில் பெரும்பகுதியை லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் செய்தது. அதன் குறியீடான 'எஸ் 51' முத்திரையைத் தோளில் அணைக்கும் மரப்பகுதியான பின்கட்டையின் அடிப்புறத்திலும், 'டி' என்ற ஆங்கில எழுத்தை உலோக உடலின் இடப்பக்கத்திலும் தேட வேண்டும். இவற்றைவிட முக்கியமான சான்று ஒன்று உண்டு. ரைஃபிளின் வரிசை எண் தொலைநோக்கியின் தாங்கியிலும், தொலைநோக்கியின் எண் கட்டையின் ஒடுங்கிய கழுத்துப் பகுதியிலும் அடிக்கப்பட்டிருக்கும். ஆகவே இரண்டு எண்களும், தத்தம் பொருளிலும் மற்றதிலுமாக, நான்கு இடங்களில் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. அந்த நான்கு இடங்களையும் நெருக்கத்தில், பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பும்படி கேளுங்கள். அசல் பொருள் வைத்திருப்பவர் அன்றைக்கே அனுப்பிவிடுவார். நேரமில்லை என்பவரிடம் நீங்களும் நேரத்தை வீணாக்க வேண்டாம். சாதாரண நம்பர் 4 ரைஃபிளில் துளையிட்டு, புதிதாகச் செய்த தாங்கியை மாட்டி 'டி' என்று விற்பது நெடுநாளாக நடந்துவரும் வேலை.

கேள்வி: ஜெர்மானிய மௌசர் 98கே ஒன்றைப் பார்த்தேன். கட்டையும் உலோகமும் புதிது போலப் பளபளக்கின்றன. விலையும் கட்டுக்குள் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: பளபளப்புதான் எனக்கு உறுத்துகிறது. போரில் சோவியத் படைகள் கைப்பற்றிய 98கே ரைஃபிள்களில் பலவற்றைப் பின்னர் பிரித்துப் பழுதுபார்த்தார்கள். எண் பாராமல் பாகங்களைக் கலந்து பூட்டி, உலோகத்துக்குக் கறுப்பு ஏற்றி, கட்டைக்கு அரக்கு மெருகு பூசி, ஒத்துப்போகாத பாகங்களில் மின் எழுத்தாணியால் எண்ணைக் கீறிவைத்தார்கள். அப்படிப்பட்ட ரைஃபிளை உண்மையைச் சொல்லி விற்றால் குற்றமில்லை, நியாயமான விலைக்கு வாங்கவும் செய்யலாம். அந்தக் கீறலைத் தேய்த்து அழித்து, புதிதாக எண் அடித்து, போர் முடிந்து திரும்பிய வீரர் ஒருவர் வீட்டிலிருந்து வந்தது என்று கதை சேர்ப்பதுதான் ஏமாற்று. தேய்த்து மீண்டும் எண் அடித்த இடம் சுற்றியுள்ள உலோகத்தைவிடச் சற்றே பள்ளமாகத் தெரியும். சாய்வான வெளிச்சத்தில் அது மறையாது.

மரம் பொய் சொல்வது இன்னும் கடினம். தொழிற்சாலையிலிருந்து வந்த கட்டையில், உலோகத்தைச் சந்திக்கும் விளிம்பில் மரம் இழையளவு உயர்ந்தே நிற்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கட்டையில் அந்த விளிம்பு உலோகத்துக்குக் கீழே இறங்கியிருக்கும், மரத்தில் அடித்த முத்திரைகளும் மங்கியிருக்கும். வாங்கியபின் நீங்களும் உப்புத்தாளைத் தொடாதீர்கள். அழுக்கைத் துடைக்கலாம், தேய்த்துவிட்ட மரத்தை மீட்க வழியில்லை.

கேள்வி: ஏலத்தில் எவ்வளவு வரை கேட்பது?

பதில்: கேட்கும் தொகையே முழு விலை அல்ல. ஏலம் நடத்துபவர் மேற்கொண்டு வசூலிக்கும் வாங்குபவர் கட்டணம் நூற்றுக்கு 20 என்றால், 1,000க்கு எடுத்த பொருள் 1,200 ஆகிவிடும். அனுப்பும் செலவும், உரிமம் பெற்ற வணிகர் வழியாகக் கைமாற்றும் செலவும் அதற்கு மேல். நீங்கள் மொத்தமாகச் செலவிடக்கூடிய தொகையிலிருந்து இவற்றைக் கழித்து வரும் எண்ணை முன்பே தாளில் எழுதிவையுங்கள். கடைசி நிமிடத்தில் கை தானாக நீளும்.

சட்டத்தையும் ஏலத்துக்கு முன்பே பாருங்கள். தயாரித்து 50 ஆண்டு கடந்த, மாற்றம் செய்யப்படாத துப்பாக்கிகளுக்கு அமெரிக்காவில் சேகரிப்பாளர் உரிமம் என்று தனியாகவே உண்டு. வேறு நாடுகளில் அதே ரைஃபிளுக்கு முழு உரிமமும் இறக்குமதி அனுமதியும் தேவைப்படலாம். பணம் கட்டிய பிறகு அனுமதி கேட்டு அலைவது முட்டாள்தனம்.

கேள்வி: சுவிஸ் கே31 ரைஃபிளின் கட்டைக்குள் பழைய வீரரின் பெயர் இருக்குமாமே?

பதில்: சிலவற்றில் இருக்கிறது. பின்கட்டையின் முனையில் உள்ள உலோகத் தகட்டைத் திருகு கழற்றி எடுத்தால், மரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே மடித்துவைத்த சிறு தாளில் வீரரின் பெயரும் அவருடைய படைப்பிரிவும் எழுதப்பட்டிருக்கும். ஏலப் படத்தில் அது தெரியாது, அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கவும் வேண்டாம். கிடைத்தால் படித்து, படமெடுத்துக்கொண்டு, அதே மடிப்பில் அதே இடத்தில் வைத்துத் திருகை முடுக்கிவிடுங்கள்.