பழைய குரூப் போட்டோவிலிருந்து தாத்தாவின் முகத்தை மட்டும் வெட்டி, பெரிதாக்கி, பிரேம் போடுவது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: 1970களில் பெரியப்பா குடும்பம் இந்தியா போவதற்கு முன் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் எடுத்த படம், போஸ்ட்கார்ட் அளவு. இப்போது அது தமிழ்நாட்டில், நீலகிரியின் கூடலூரில் பெரியப்பா வீட்டில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். தாத்தாவை மட்டும் வெட்டி 8க்கு 10 அங்குலத்தில் போட்டால் முகம் கலங்கித் தெரிகிறது. எந்த மென்பொருளைப் பயன்படுத்தினால் தெளிவாக வரும்?

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் போட்டோ கொப்பி, பிரிண்ட் போடும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். இப்படி ஒரு படத்தோடு வருபவர்கள் இங்கே நிறையப் பேர். மலையகத் தமிழரில் பெரும் பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் இரு நாடுகளும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பாதிக் குடும்பம் அங்கே, பாதி இங்கே என்று ஆனதில் படங்களும் அப்படியே பிரிந்து கிடக்கின்றன.

உங்கள் படம் கலங்குவதற்கு மென்பொருள் காரணமில்லை. கூடலூரிலிருந்து கிளம்பும்போதே அது சுருங்கிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். போஸ்ட்கார்ட் படத்தின் நீளம் சுமார் ஐந்தரை அங்குலம். சாதாரண 12 மெகாபிக்சல் ஃபோன் 4000க்கு 3000 பிக்சலில், அதாவது புள்ளியில், எடுக்கும். படம் திரை நிறைய வரும்படி எடுத்தால் ஓர் அங்குலத்துக்கு 700 புள்ளிக்கு மேல் கிடைக்கும். அதை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் படமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600க்கு இறங்கிவிடும். அங்குலத்துக்கு 290 புள்ளிதான் மிச்சம். குரூப் படத்தில் தாத்தா தலையும் தோளுமாக ஓர் அங்குல அகலம் இருப்பாரா? அந்த 290 புள்ளியை எட்டு அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 36 வரும். சுவரில் மாட்டும் படத்துக்கே 150 ஆவது வேண்டும், கையில் வைத்துப் பார்ப்பதற்கு 300. எந்த மென்பொருளும் இந்த இடைவெளியை நிரப்பாது.

அதனால் முதலில் கூடலூருக்கு ஒரு கோல் எடுத்து, படத்தை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். மப்பு மந்தாரமான நாளில், வாசலில் வைத்து எடுக்கட்டும். வெயிலும் ஃபிளாஷும் பளபளப்பான தாளில் வெள்ளையாக அடிக்கும். மூடுபனி வெளிச்சத்தில் நிழலும் விழாது, மினுக்கமும் வராது. ஃபோன் படத்துக்கு நேர் மேலே, சாயாமல் இருக்கட்டும். முகத்தை மெருகேற்றும் பியூட்டி வசதியை நிறுத்திவிட வேண்டும். கண்ணாடியோடு படம் ஒட்டிப் போயிருந்தால் பிரிக்கவே வேண்டாம், ஈரத்தில் ஒட்டியது உரிந்து முகத்தோடு வந்துவிடும். கண்ணாடிக்கு மேலாகவே எடுக்கலாம். அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போதுதான் சுருங்காமல் வரும். அங்கே நல்ல ஸ்கேனர் கிடைத்தால் இன்னும் நல்லது, 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) எடுக்கட்டும். அது ஸ்கேனரின் சொந்தத் திறனாக இருக்க வேண்டும். மென்பொருளால் ஊதிக் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம்.

இனி மென்பொருள். படம் திருத்தும் கிம்ப் (GIMP) போதும், இலவசம். ஃபைலைத் திறந்ததும் முதல் வேலை ஒரு கொப்பி எடுத்து வைப்பது. படம் சாய்ந்திருந்தால் முதலில் நிமிர்த்துங்கள். நிமிர்த்தும்போது மூலைகள் வெறுமையாகும், அதனால் வெட்டுவது அதற்குப் பிறகுதான். க்ரொப் கருவியை எடுத்து, அதன் அமைப்பில் 'ஃபிக்ஸ்ட்' என்பதை டிக் செய்து, ஆஸ்பெக்ட் ரேஷியோவில் (அகல உயர விகிதத்தில்) 5:7 என்று கொடுங்கள். ஆமாம், 8க்கு 10 வேண்டாம் என்கிறேன். சுருங்காமல் வந்த ஃபோன் படத்தில் தாத்தாவின் அகலம் 700 புள்ளி சொச்சம் இருக்கும். ஐந்து அங்குல அகலத்தில் அது அங்குலத்துக்கு 140க்கு மேல், 150க்குக் கிட்ட வந்துவிடும், முகம் முகமாகவே தெரியும். 1200 டிபிஐ ஸ்கேன் கிடைத்தால் மட்டும் 8க்கு 10 பற்றி யோசியுங்கள். அப்போதும் ஒன்றைப் பாருங்கள்: பழைய தாளை மிகவும் பெரிதாக்கினால் முகத்தைவிடத் தாளின் சொரசொரப்புதான் முன்னே வரும்.

வெட்டும்போது தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விடுங்கள். தலைப்பாகை கட்டியிருந்தால் அதன் நுனி வெட்டுப்படக் கூடாது. பக்கத்தில் நிற்பவரின் கை தாத்தாவின் தோள்மேல் இருந்தால் அதை அழிக்காதீர்கள், அது அவர் மேல் போட்ட கைதானே. கீறல், பூஞ்சைப் புள்ளிகளுக்கு 'ஹீல்' கருவி போதும். கண், மூக்கு, வாய் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

அளவுக்கு 'இமேஜ்' மெனுவில் இரண்டு வழி உண்டு. 'ஸ்கேல் இமேஜ்' புள்ளிகளின் எண்ணிக்கையையே மாற்றும், 'பிரிண்ட் சைஸ்' தாளில் எத்தனை அங்குலம் என்பதை மட்டும் மாற்றும். உங்களுக்கு இரண்டாவதுதான் தேவை. முதலாவதை எப்போதாவது தொட்டால் அகலம், உயரம் பக்கத்தில் இருக்கும் சங்கிலி பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது திறந்திருந்து ஒரு எண்ணை மட்டும் மாற்றினால் முகம் நீண்டுவிடும். வேலை நடக்கும்வரை கிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் (XCF) ஆகவே சேமியுங்கள், ஜேபெக்கில் திரும்பத் திரும்பச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தரம் குறையும்.

மங்கிய முகத்தை ஒரு சொடுக்கில் தெளிவாக்கும் ஏஐ செயலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்தில் இல்லாத கண்ணையும் தோலையும் அவை தாமாக வரைந்து வைக்கும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது வேறொரு மனிதரின் முகம். தெவசத்துக்குப் பொட்டு வைத்து மாலை போடும் படத்தில் அதைச் செய்யாதீர்கள். கொஞ்சம் மங்கலானாலும் அவருடைய முகமே இருக்கட்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தாத்தாவை வெட்டி எடுத்த பிறகு மீதியை விட்டுவிடாதீர்கள். பின்னால் தெரியும் காம்பரா (லயத்து அறை), தகரக் கூரை, யாருடைய இடுப்பிலோ கட்டியிருக்கும் படங்குச் சாக்கு, ஓரத்தில் கொழுந்துக் கூடை, இதெல்லாம் வேறெங்கும் கிடைக்காது. நம் ஆட்களின் வீட்டுப் படங்கள் அவ்வளவு குறைவு. முழுப் படத்தையும் 4க்கு 6இல் ஒன்று அடித்து, பின்பக்கம் பென்சிலால் யார் யார் என்று எழுதுங்கள். பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதினால் நல்லது.

அடிக்கக் கொடுக்கும்போது ஃபைலைப் பென்டிரைவில் கொண்டு போங்கள். தாளுக்குப் பொருத்தி அடிக்காமல் 5க்கு 7இல் 100 சதவீதத்திலேயே அடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மெஷின் தன் பங்குக்கு ஓரங்களை வெட்டிவிடும்.